சீட்டிக்கு ஏற்ற புல்

திருவண்ணாமலை
4-6-1978

அன்புத் தம்பி விருசபதாசனுக்கு, அக்கா கனகலதா ஆசியுடன் எழுதுவது. அருகன் அருளால் நானும் உன் மாமாவும் ஜெயந்தியும் சுகம். பட்டணத்து வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

போன வாரம் ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினாயே, உள்ளே இருப்பது என்ன தின்னும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? கினிப்பன்றி என்று பெயர் மட்டும் சொன்னாய். நம் ஜைன வீட்டில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லக்கூடிய பெயரா அது? எதிர்வீட்டுக்காரர்களிடம் சீமை எலி என்று சொல்லிச் சமாளித்தேன். ஜெயந்தி அதற்குச் சீட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். காகிதம் சரசரத்தால் போதும், தீனி வருகிறது என்று நினைத்துக்கொண்டு சீட்டி அடிக்கிறது. நேற்று உன் மாமா பேப்பரைப் பிரித்ததற்கே அடித்தது.

வைக்கோல் போட்டேன், அதில் படுத்துத் தூங்குகிறது. தின்னமாட்டேன் என்கிறது. கீரைத் தண்டு கொடுத்தால் தின்கிறது. தண்டிலேயே வளர்ந்துவிடுமா? உன் மருந்து கம்பெனியில் இவற்றுக்குத் தீவனம் வாங்கிப் போடுவதுதானே உன் வேலை, நீதான் சொல்லவேண்டும்.

ஊசி போட்டுப் பார்க்க வளர்க்கிற பிராணிகளில் ஒன்றையாவது காப்பாற்றிக் கொண்டுவந்தாய், அது புண்ணியம். ஆனால் "இத நல்லாப் பாத்துக்கோ. தீபம் வரைக்கும் இது நல்லா இருந்தா, தீபத்தன்னிக்கு வந்து உங்க ரெண்டு பேரையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்"னு ஜெயந்தி தலையில் கை வைத்துச் சொன்னாயே, அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. அவள் அம்மா கண்ணை மூடி இரண்டு வருஷமாக என்னிடம் வளர்கிற பிள்ளை, உன்னோடு போகப்போகிறோம் என்று இப்போதே பாவாடை மடித்து வைக்கிறாள். அதனால் தீனி விஷயத்தை விவரமாக எழுது.

அன்புடன்
அக்கா கனகலதா


சென்னை
12-6-1978

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமே. மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. இந்தப் பிராணிக்கு வயிறும் பல்லும் இரண்டும் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், மென்று மென்றுதான் தேயவேண்டும். வைக்கோல் ஆகாது. முரடு, வாயைக் குத்தும், சத்தும் கிடையாது. படுக்கைக்கு மட்டும் சரி.

அங்கே மல்லாட்டைக் கொடி, அதாவது வேர்க்கடலைக் கொடி, ஜாஸ்தி கிடைக்கும், யாராவது சும்மாவே கொடுப்பார்கள். வாங்காதீர்கள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பூசணம் பிடித்திருக்கும். இங்கே ஒரு தடவை அப்படி ஒரு லோடு வந்து ஒரு வரிசைக் கூண்டே காலியாகிவிட்டது. குதிரை மசால் என்று ஒரு தீவனப் பயிர் உண்டு, அது குட்டிக்கும் சினைக்கும்தான். வளர்ந்ததற்குத் தொடர்ந்து போட்டால் நீர்ப்பையில் கல் விழும்.

ஏற்றது அருகம்புல். பூ விடுவதற்கு முன் அறுத்தது. வெயிலில் காயவைக்கக்கூடாது, நிழலில் பரப்பி அடிக்கடி புரட்டிவிட வேண்டும். காய்ந்த பிறகும் பச்சை நிறம் போகக்கூடாது. கையில் எடுத்து முகர்ந்தால் தித்திப்பாக ஒரு வாசனை வரும். தூசி பறந்தால் உதறிப் போடவும். பழுப்பாகிவிட்டதை மாட்டுக்குப் போட்டுவிடவும். எப்போதும் கூண்டில் புல் இருந்துகொண்டே இருக்கவேண்டும்.

கடிதத்தைக் கம்பெனி விலாசத்துக்கே போடவும். ரூமில் தபால் தவறிப்போகிறது.

ஜெயந்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தம்பி
விருசபதாசன்


திருவண்ணாமலை
10-7-1978

அன்புத் தம்பிக்கு ஆசிகள் பல. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாமாவின் மூட்டு அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்குச் சந்தோஷப்பட்டார்.

மலையிலிருந்து புல்லுக்கட்டு கொண்டுவருகிற எல்லம்மாளைப் பிடித்தேன். முதல் கட்டில் பாதி சுக்குநாறிப் புல். சீட்டி முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் அவளை உட்காரவைத்து அருகம்புல்லைத் தனியாகப் பொறுக்கச் சொன்னேன். "இன்னாம்மா, ஒரு எலிக்கு இம்மாம் பாக்குறீங்க? எங்க ஊட்டு எருமைக்குக்கூட நான் இப்டிப் பொறுக்கினதில்ல"ன்னு சிரிக்கிறாள். ஜெயந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடியில் கொட்டகை நிழலில் பரப்பிப் புரட்டுகிறாள். ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து பார்த்துத்தான் போடுகிறாள். "அப்பா சொன்ன வாசனை வருது அத்தை, மோந்து பாருங்க"ன்னு என் மூக்கில் வைத்து அழுத்துகிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. புல்லுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி. அவள் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு கார்டு போட்டால் என்ன? வீடு பார்க்கிறேன் என்றாயே, பார்த்தாயா?

இன்னொன்று. இந்த ஆடிப் பௌர்ணமியிலிருந்து நமக்கு மழைக்கால விரதம் தொடங்குகிறது. கார்த்திகைப் பௌர்ணமி வரைக்கும் வீட்டுக்குள் கீரை, இலை எதுவும் வராது. உனக்குத் தெரியாததல்ல, புழுபூச்சிக்கு ஹிம்சை வரக்கூடாது என்று நம் அம்மா காலத்திலிருந்து நடப்பதுதான். இந்த வருஷம் ஜெயந்தியும் இருக்கிறேன் என்கிறாள். நீ தீபத்துக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். சீட்டியும் தன்னோடு விரதம் இருக்கவேண்டுமாம், அப்போதுதான் பலிக்குமாம். கீரைத் தண்டை நிறுத்திவிட்டுக் காய்ந்த புல் மட்டும் போட்டால் அதற்குப் போதுமா? இதற்கு மறக்காமல் பதில் எழுது.

அன்புடன்
அக்கா


சென்னை
27-7-1978

அக்காவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. வேலை ஜாஸ்தி, அதனால்தான் கார்டு. இங்கே எங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம், குழாயில் வருவதே இல்லை. நல்ல காய்ந்த புல் இருந்தால் போதும், கவலைப்படவேண்டாம். மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். வீடு இன்னும் அமையவில்லை.

தம்பி
விருசபதாசன்


திருவண்ணாமலை
14-8-1978

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். சீட்டிதான் சுகமில்லை.

நாலைந்து நாளாகப் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. தொட்டால் கத்துகிறது. முந்தாநாள் உன் மாமா பேப்பரைப் பிரித்தார், சீட்டி சத்தம் வரவில்லை. அவரே திரும்பிப் பார்த்தார்.

புல்லில் குறை ஒன்றும் இல்லை. நீ சொன்னபடி நிழலில் காய்ந்தது, பச்சை மாறாதது. நானே முகர்ந்து பார்த்தேன். நீ போதும் என்று எழுதியதால் வேறொன்றும் கொடுக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் பாவம், நல்ல மனுஷர். "மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் பாத்திருக்கேம்மா. இது என்னன்னே எனக்குத் தெரியல. குடுத்தவரையே கேட்டுடுங்க"ன்னு சொல்லிவிட்டார்.

குடுத்தவனைக் கேட்கிறேன். உடனே எழுது.

அப்புறம், எங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். ரூமில் நீ தனியாகத்தானே இருக்கிறாய், எங்களுக்கு என்றால் யாருக்கு? கூட யாராவது தங்கியிருந்தால் சொல், ஒரு ஆள் துணை இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருப்பேன்.

அன்புடன்
அக்கா


திருவண்ணாமலை
24-8-1978

தம்பிக்கு ஆசி. பத்து நாளாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சீட்டியின் ஈறில் ரத்தம் கசிகிறது. புல்லை வாயில் வைத்து எடுத்துவிடுகிறது. மனசு கேட்காமல் நேற்று ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வாங்கிவந்து நீட்டினேன். ஜெயந்தி ஓடிவந்து பிடுங்கிவிட்டாள். "வெரதம் கெட்டுப்போச்சுன்னா அப்பா வரமாட்டாரு அத்தை. அப்பாதான் புல்லு போதும்னு எழுதிட்டாரே!" நீ எழுதின கார்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறாள். நான் என்ன சொல்ல? ஒரு வரி எழுதடா.

கனகலதா


சென்னை
4-9-1978

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். லீவில் இருந்தேன், இன்றுதான் கம்பெனிக்கு வந்தேன். உங்கள் இரண்டு கடிதமும் மேஜைமேல் இருந்தன.

இதைப் பார்த்தவுடன் பச்சையாக ஏதாவது கொடுங்கள். கொத்தமல்லி, கீரை, கொய்யா, நெல்லிக்காய் எது கிடைத்தாலும் சரி. நெல்லிக்காயை நசுக்கிச் சாறு எடுத்து வாயில் விடுங்கள். காய்ந்த புல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மட்டும் போதாது. புளிப்பிலும் பச்சையிலும் இருக்கிற ஒரு சத்து தினமும் வேண்டும். மனுஷ உடம்பைப் போல இதற்கும் வெளியிலிருந்துதான் அது கிடைக்கவேண்டும். இல்லாவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கரையும். இங்கே தினமும் காலையில் கீரை வண்டி வந்துவிடும், அதனால் அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு உங்கள் கடிதத்தையும் அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை. விரதத்தை அதற்கு வைக்கவேண்டாம் என்று ஜெயந்தியிடம் நான் சொன்னதாகச் சொல்லவும்.

தம்பி
விருசபதாசன்


திருவண்ணாமலை
8-9-1978

விருசபதாசனுக்கு, கனகலதா எழுதுவது. இங்கு எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. சீட்டி ஒன்றாம் தேதியே போய்விட்டது. கொல்லையில் நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். ஜெயந்தி காய்ந்த புல்லைப் பரப்பி அதன்மேல் வைத்தாள். "அப்பாவுக்கு எழுதிடாதீங்க அத்தை. எழுதினா வரமாட்டாரு"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவளுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு உனக்கு எழுதுகிறேன். நெல்லிக்காய் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், தன் விரதம்தான் கொன்றது என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்கும். கொன்றது நீ எழுதின "போதும்" என்கிற ஒரு வார்த்தை.

இப்போது மற்றதைக் கேள். உன் மாமா நம் பாத்திரக் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன மாதக் கடைசியில் பட்டணம் வந்தார். "அப்பாகிட்ட சீட்டிக்கு மருந்து வாங்கிட்டு வாங்க மாமா"ன்னு ஜெயந்தி சொல்லி அனுப்பியிருந்தாள். கம்பெனி வாசலில் கேட்டிருக்கிறார். "அவரு லீவுலல்ல இருக்காரு, வீட்ல குழந்தை பொறந்துருக்கு"ன்னு காவல்காரர் சந்தோஷமாகச் சொல்லி விலாசமும் கொடுத்திருக்கிறார். அங்கே போனால் நீ கடைக்குப் போயிருக்கிறாய். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றிருக்கிறாள். பெயர் சரோஜாவாமே. "நீங்க யாருங்க? அவருக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு சொன்னாரே"ன்னு கேட்டிருக்கிறாள். உன் மாமா, "ஊர்க்காரன்மா"ன்னு சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஜெயந்தியிடம், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அன்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். நேற்றுதான் என்னிடம் வாயைத் திறந்தார்.

நீ கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. எந்த வயசில் தனியாக நின்றாய் என்று எனக்குத் தெரியும். நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். ஆனால் உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், மே மாதம் இங்கே வந்து எந்தத் தைரியத்தில் அந்தப் பிள்ளை தலையில் கை வைத்தாய்? தீபத்துக்கு அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

கனகலதா


சென்னை
19-10-1978

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் எல்லோர் நலத்துக்கும் அருகனை வேண்டுகிறேன். உங்களுக்கு எழுதக் கூசி இத்தனை நாள் கடத்திவிட்டேன்.

சரோஜாவின் அப்பா எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். எனக்கு முன்பே கல்யாணம் ஆனது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. மே மாதம் ஜெயந்தி என் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்துக்கு அவளைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னேன். இத்தனை ஆழமாக எடுத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டி போனது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அது நன்றாக இருந்தால் வருகிறேன் என்றுதானே சொன்னேன். அதனால்தான் அப்பா வரவில்லை என்று அவளே புரிந்துகொள்வாள், நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நாளில் மறந்துவிடும். அவள் உங்களிடமே இருக்கட்டும். நீங்களும் மாமாவும் பிள்ளை இல்லாதவர்கள், உங்களுக்கும் ஆயிற்று.

தம்பி
விருசபதாசன்


திருவண்ணாமலை
20-11-1978

அன்புள்ள அப்பாவுக்கு ஜெயந்திமாலா வணக்கம். நான் நலம். அத்தை மாமா நலம். நீங்கள் நலமா?

சீட்டி ரொம்ப நலமாக இருக்கிறது. நிறைய புல் சாப்பிடுகிறது. குண்டாகிவிட்டது. முன்பைவிட ஜாஸ்தி சீட்டி அடிக்கிறது. தீபத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சீட்டியைப் பெட்டியில் வைத்து நானே தூக்கிக்கொண்டு வருவேன், உங்களுக்குச் சிரமம் இல்லை. பஸ்ஸில் சத்தம் போடாது. மெட்ராசில் நல்ல புல் கிடைக்காவிட்டால் இங்கேயிருந்து ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். நாலாம் வகுப்பில் நான்தான் கணக்கில் முதல்.

எப்போது வருவீர்கள் என்று எழுதவும். அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
ஜெயந்திமாலா


சென்னை
2-12-1978

அன்பு மகள் ஜெயந்திக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. நீயும் அத்தையும் மாமாவும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

சீட்டி குண்டாக இருக்கிறது என்று படித்து ரொம்பச் சந்தோஷப்பட்டேன். கெட்டிக்காரி. இப்போது மழைக்காலம், புல் நமுத்துப்போகும். பரணில் கோணி விரித்து அதன்மேல் வைக்கவும். பூசணம் இருந்தால் போடாதே. தீபத்துக்குப் பஸ்ஸில் ஏறவே முடியாது, லீவும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். அதுவரை சீட்டியை நன்றாகப் பார்த்துக்கொள். அது நன்றாக இருந்தால்தான் அப்பாவுக்குச் சந்தோஷம்.

அன்பு அப்பா


திருவண்ணாமலை
16-12-1978

விருசபதாசனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் நலம் விசாரிக்க உனக்கு அங்கே ஆள் இருக்கிறது.

நீ ஜெயந்திக்குப் போட்ட இன்லேண்டு லெட்டர் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியிருக்கிறாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதன் ஓரத்தைக் கிழிக்கும்போது, பழக்கத்தில், சீட்டியின் கூண்டு இருந்த கூடத்து மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அடுப்படிக்கு வந்து, "அத்தை, சீட்டி விஷயத்த நீங்க அப்பாவுக்கு எழுதினீங்களா?"ன்னு கேட்டாள்.

எழுதவில்லை என்று நான் சொல்லியிருந்தால், லீவு கிடைக்காத நல்ல அப்பாவாக நீ தப்பித்திருப்பாய். இந்த வீட்டில் உனக்காகச் சொன்ன பொய்கள் போதும் என்று தோன்றியது. "எழுதினேன்மா, அப்பவே எழுதிட்டேன்"னேன்.

"அப்போ அப்பாவுக்குத் தெரியும்"னாள். அழுதால் கட்டிக்கொள்ளலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனேன், அவள் அழவில்லை. பொய் சொன்னது அவள், ஒன்பது வயசுப் பிள்ளை, அப்பா வரவேண்டும் என்பதற்காகச் சொன்னாள். அது பொய் என்று தெரிந்துகொண்டே, செத்ததற்குப் புல் எப்படிப் போடவேண்டும் என்று எழுதினாயே, உனக்குக் கை வந்ததா? அவளைத் திட்டி எழுதியிருந்தால்கூட நான் உன்னை மன்னித்திருப்பேன்.

மறுநாள் எல்லம்மாள் புல்லுக்கட்டோடு போனபோது ஜெயந்தியே கூப்பிட்டாள். பரணில் இருந்த புல்லையெல்லாம், நிழலில் காயவைத்து முகர்ந்து முகர்ந்து சேர்த்ததை, கீழே தள்ளிக் கொடுத்துவிட்டாள். "நல்ல புல்லாச்சே கண்ணு, உன் எலிக்கு வாணாவா?"ன்னு அவள் கேட்டதற்கு, "செத்துப்போச்சு. உங்க எருமைக்குப் போடுங்க"ன்னு சொன்னாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்து நின்றது. அவளும் எங்களோடு மாடியில் நின்று பார்த்தாள், தெரு முனையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பௌர்ணமி முடிந்து விரதம் விட்டோம். முருங்கைக்கீரை சமைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

சரோஜாவுக்கு நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெண் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்? அந்தக் குழந்தையும் செய்யவில்லை. அதன் தலையிலாவது கை வைத்துச் சத்தியம் செய்யாதே.

ஜெயந்திக்கு இனிமேல் எழுதவேண்டாம். எனக்கும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கார்டியன் என்று உன் மாமா பெயரைக் கொடுத்துவிட்டார். உனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாயாமே, அது இனிமேல் பொய் இல்லை.

இப்படிக்கு
ஊர்க்காரி
கனகலதா